பர்மிட் எண் 1 இன்னும் மூடப்படவில்லை

எங்கள் நகரியத்துச் சுரங்கத்தில் ஓர் இயந்திரம் பழுதானால், அதைச் சரிசெய்யப் போகிறவன் முதலில் பர்மிட் வாங்க வேண்டும். மின்சாரத்தை நிறுத்தி, சுவிட்சின் மேல் தன் பெயர் எழுதிய சிவப்பு அட்டையைத் தொங்கவிட்டு, அதற்கப்புறம்தான் உள்ளே இறங்குவான். வேலை முடிந்ததும் அட்டையை மாட்டியவனே வந்து எடுக்க வேண்டும். வேறு எவன் கையும் அதில் படக் கூடாது. நல்ல சட்டம். எத்தனையோ பேருடைய கைகால் இன்றைக்கும் உடம்போடு ஒட்டிக்கொண்டிருப்பது அந்த அட்டையால்தான். அதை நான் ஒரு வார்த்தை குறை சொல்ல மாட்டேன். அந்த அட்டையைக் கொண்டுவந்து என் கம்ப்யூட்டரில் தொங்கவிட்டார்களே, அந்தக் கண்றாவியைத்தான் சொல்ல வருகிறேன்.

என் பெயர் கொளஞ்சியப்பன். குறிஞ்சிப்பாடிக்குப் பக்கத்தில் ஊர். நகரிய நலச்சங்கங்களின் சம்மேளனத்தில் ஆறு வருஷமாகக் கம்ப்யூட்டர் வேலை, கான்ட்ராக்ட்டில். ஓய்வுபெற்றோர் சங்கம், மகளிர் மன்றம், காலை நடைப்பயிற்சியாளர் கழகம், மாடித்தோட்டக் குழு, ரோஜாச் செடி வளர்ப்போர் வட்டம் என்று பதினாறு சங்கங்கள் சேர்ந்ததுதான் சம்மேளனம். மாடித்தோட்டக் குழுவுக்கும் ரோஜாச் செடிக்காரர்களுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது என்பதால் சம்மேளனம் தேவைப்பட்டது. பதினாறுக்கும் தனித்தனி இணையதளம், சம்மேளனத்துக்கு ஒன்று, ஆகப் பதினேழு. பதினேழையும் பார்த்துக்கொள்வது நான் ஒருவன்.

இணையதளத்தை ஒரு மிக்ஸி என்று வைத்துக்கொள்ளுங்கள். ப்ளக்இன் என்பது அதில் மாட்டுகிற ஜார். உறுப்பினர் சேர்க்கை, போட்டிக்குப் பெயர் கொடுப்பது, விண்ணப்பம் வாங்குவது எல்லாவற்றுக்கும் படிவம் வேண்டுமே, அதற்கு ஒரு ப்ளக்இன் வாங்கியிருந்தோம். ஒரே கணக்குதான். அந்தக் கணக்கில் லாகின் செய்து, ஒவ்வொரு தளத்தையும் ‘இது எங்களுடையதுதான்’ என்று இணைத்துவிட்டால் படிவம் திறக்கும். கணக்கு என் சொந்த மின்னஞ்சலில் இருந்தது, குறியீடு என் போனுக்கு வந்தது. மூன்று வருஷம் ஒரு பிரச்சினையும் இல்லை. பிரச்சினை இல்லாததால் அப்படி ஒரு கணக்கு இருப்பதே மேலே யாருக்கும் தெரியவில்லை.

2017 ஜனவரியில் தெரிந்துபோயிற்று. ஆண்டாய்வு நடந்தபோது, “இதுக்கெல்லாம் சாவி யார்கிட்டப்பா இருக்கு?” என்று செயலாளர் சிங்காரவேல் சார் கேட்டார். “எங்கிட்டதாங்க சார்” என்றேன். பாராட்டுவார் என்று நினைத்த என் புத்தியை எதால் அடிப்பது.

சிங்காரவேல் சார் சுரங்கத்தில் பெரிய பதவியில் இருந்து ஓய்வுபெற்றவர். சம்மேளனத்தில் எல்லாப் பொறுப்பும் அப்படி ஓய்வுபெற்றவர்களிடம்தான். மொத்தம் நான்கு அறையுள்ள ஆபீஸ், சாயங்காலம் ஐந்து மணிக்குமேல் ஈ காக்கை கிடையாது. ஆனாலும் அங்கே ஏ ஷிஃப்ட், பி ஷிஃப்ட், ஜெனரல் ஷிஃப்ட் எல்லாம் உண்டு. வாசலில் ‘கடந்த 2,911 நாட்களாக விபத்து இல்லை’ என்று ஒரு பலகை. தினமும் காலையில் அட்டெண்டர் ராயப்பன் நாற்காலி போட்டு ஏறி அந்த எண்ணை மாற்றுவார். ஆபீஸிலேயே ஆபத்தான வேலை அது ஒன்றுதான்.

மறுநாளே அவசரக் கூட்டம் கூட்டினார்கள். சிங்காரவேல் சார் எழுந்து பேசினார்.

“முப்பத்தாறு வருஷ சர்வீஸ். என் செக்‌ஷன்ல ஒரு ஆக்சிடென்ட் கெடையாது. ஏன் தெரியுமா? ஆக்சிடென்ட் ஆவுற மாதிரி எந்த வேலையையும் நான் நடக்க விட்டதில்ல. இன்னிக்கு என்ன நெலம? பதினேழு சைட்டுக்கும் சாவி ஒரு கான்ட்ராக்ட் ஆள் பாக்கெட்ல இருக்கு. நான் கொளஞ்சிய சந்தேகப்படல. தங்கமான பையன். ஆனா தங்கத்த யாராவது வெளியில போட்டு வெப்பாங்களா?”

எல்லோரும் தலையாட்டினார்கள். என்னை எங்கே போட்டு வைப்பது என்பதற்கு ஒரு பாதுகாப்புக் குழு அமைக்கப்பட்டது.

குழு பத்து நாளில் விதிமுறை எழுதி முடித்தது. எழுதியவர் ராஜேந்திரன் சார். சுரங்கத்தில் பாதுகாப்பு அதிகாரியாக இருந்தவர், நல்ல மனுஷர், எதிரே வருகிறவனை ‘சாப்பிட்டியா’ என்று கேட்காமல் போக மாட்டார். விதிமுறை இதுதான். பாஸ்வேர்ட் இருபத்து நான்கு எழுத்து. முதல் எட்டு எழுத்து ஏ ஷிஃப்ட் பொறுப்பாளர் ராஜேந்திரன் சாரிடம். நடு எட்டு பி ஷிஃப்ட் பொறுப்பாளர் விஜயலட்சுமி மேடத்திடம். கடைசி எட்டு செயலாளரிடம். கணக்கு என் மின்னஞ்சலிலிருந்து குழுவின் மின்னஞ்சலுக்கு மாற வேண்டும். உறுதிப்படுத்தும் குறியீடு வருவதற்குச் சம்மேளனத்தின் பெயரில் ஒரு செல்போன் வாங்கி, அதைப் பீரோவில் வைத்துப் பூட்ட வேண்டும். லாகின் செய்யும் ஒவ்வொரு முறையும் பர்மிட் எடுக்க வேண்டும், சிவப்பு அட்டை தொங்க வேண்டும். அட்டையை மாட்டியவரே கழற்றி, பதிவேட்டில் கையெழுத்துப் போட்டால்தான் பர்மிட் மூடும். ஒரு பர்மிட் மூடாமல் அடுத்த பர்மிட் கிடையாது.

“லாகினுக்கு எதுக்குங்க சார் அட்டை?” என்று கேட்டேன்.

“நீ உள்ள இருக்கும்போது எவனாவது சுவிட்சப் போட்டுட்டா?” என்றார் ராஜேந்திரன் சார். உண்மையான கவலையோடு கேட்டார்.

ஜனவரி இருபதாம் தேதி, கணக்கைப் புதுப் பாஸ்வேர்டுக்கு மாற்ற, பர்மிட் எண் 1 எடுக்கப்பட்டது. பதினாறு சங்கத் தலைவர்களிடமும் ‘எங்கள் தளத்தை நிறுத்திவைக்கச் சம்மதம்’ என்று கையெழுத்து வாங்கினேன். நடைப்பயிற்சியாளர் கழகத் தலைவர் நடக்கும்போது மட்டும்தான் சங்க விஷயம் பேசுவார் என்பதால், அவரோடு நாலு கிலோமீட்டர் நடந்து அவர் முதுகில் பேப்பரை வைத்தே கையெழுத்து வாங்க வேண்டியதாயிற்று. அப்புறம் எல்லோரும் ஹெல்மெட் போட்டுக்கொண்டார்கள். எனக்கும் ஒன்று கொடுத்தார்கள், கான்ட்ராக்ட் என்பதால் மஞ்சள் நிறம். பாதுகாப்பு உறுதிமொழி வாசித்தோம். ராஜேந்திரன் சார் மானிட்டரில் அட்டையை மாட்டினார்: ‘ஆள் வேலை செய்கிறார். தொடாதீர்.’

அவர் தன் எட்டு எழுத்தை அடிக்கும்போது நாங்கள் மூன்று பேரும் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றோம். விஜயலட்சுமி மேடம் அடிக்கும்போது நாங்கள் சுவர், அவர் கம்ப்யூட்டர். சிங்காரவேல் சார் ஒற்றை விரலால் ஒவ்வொரு எழுத்தையும் தேடித் தேடி அடித்தார். அவர் எட்டாவது எழுத்தைக் கண்டுபிடிப்பதற்குள் அந்தப் பக்கமே காலாவதியாகிவிடும். மறுபடி முதலிலிருந்து ராஜேந்திரன் சார். அறையின் நான்கு சுவர்களையும் அன்றைக்கு நான் நன்றாகப் பார்த்தேன். மேற்குச் சுவரில் விரிசல் இருக்கிறது.

ஏழாவது தடவையில் உள்ளே போனோம். புதிய பாஸ்வேர்ட் வந்ததால் பழைய இணைப்பெல்லாம் அறுந்துபோயிருந்தது. ஒவ்வொன்றாக இணைத்தேன். பதினாறு தளம் முடிந்தது. பதினேழாவது, எங்கள் சம்மேளனத்தின் சொந்தத் தளம். அதைத் தொடும்போது வாசலில் கார் ஹாரன் அடித்தது. ராஜேந்திரன் சாரின் மகளுக்கு அமெரிக்காவில் பிரசவம். அவரை மீனம்பாக்கம் கூட்டிப்போக வந்த கார்.

“மத்தத நாளைக்குப் பாத்துக்க தம்பி” என்று என் தோளில் தட்டிவிட்டுப் போனார்.

அட்டையை எடுக்க மறந்துவிட்டார்.

அந்த விநாடியிலிருந்து பர்மிட் எண் 1 திறந்தே கிடந்தது. அட்டை தொங்குவதால் கம்ப்யூட்டரைத் தொடக் கூடாது. ராயப்பன் மெயின் சுவிட்சை நிறுத்தி, அதன் மேல் டேப் ஒட்டிவிட்டார். ஃபேனும் அதே சுவிட்சில் இருந்தது, அதுவும் நின்றது. எனக்கு முன் அறையில் டைப் அடிக்கிற பழைய கம்ப்யூட்டர் கிடைத்தது. தினமும் காலையில் மட்டும் உள்ளே போய், அட்டை பத்திரமாகத் தொங்குகிறதா என்று பார்த்துப் பதிவேட்டில் எழுத வேண்டும். ‘தொங்குகிறது’ என்று எழுதினேன். ஒரு மாதத்துக்கும் மேல் எழுதினேன். எனக்கு ஒன்றும் நஷ்டமில்லை என்றுதான் மார்ச் ஒன்றாம் தேதி வரைக்கும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

மார்ச் ஒன்றாம் தேதி அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டினார்கள். சம்மேளனத்துக்குக் கணினி உதவியாளர், ஒரு பணியிடம், நிரந்தரம். ஐந்து வருஷ அனுபவம் வேண்டும். வயது முப்பத்தைந்துக்குள். கடைசி நாள் மார்ச் 31, மாலை ஐந்து மணி. விண்ணப்பங்கள் சம்மேளன இணையதளம் வழியாக மட்டுமே.

ஒன்பது வருஷத்துக்கு அப்புறம் வந்த ஒரே நிரந்தரப் பணியிடம். மே மாதம் எனக்கு முப்பத்தைந்து முடிகிறது. இந்த ஒரு மாதத்தை விட்டால் என் ஆயுசுக்கும் கிடையாது. அந்தத் தாளைப் படித்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது, மறைக்க என்ன இருக்கிறது. வருஷா வருஷம் ஏப்ரலில் கான்ட்ராக்டர் வாசலில் போய்க் கைகட்டி நிற்கிறவனுக்குத்தான் ‘நிரந்தரம்’ என்ற வார்த்தையின் ருசி தெரியும்.

வீட்டில் எழில்மதியிடம் சொன்னேன். அவள் அன்றைக்குக் கேசரி கிளறினாள். சாப்பிட்டுக்கொண்டே போனில் எங்கள் தளத்தைத் திறந்தேன். படிவம் இருக்க வேண்டிய இடத்தில் இப்படி இருந்தது: ‘இந்தப் படிவம் இன்னும் இணைக்கப்படவில்லை. தள நிர்வாகியைத் தொடர்புகொள்ளவும்.’

தள நிர்வாகி நான்தான். கீழே என் நம்பர்.

மறுநாள் காலையிலிருந்து போன் வர ஆரம்பித்தது. பண்ருட்டியிலிருந்து ஒருத்தன், வடலூரிலிருந்து ஒரு பெண், விருத்தாசலத்திலிருந்து அண்ணன் தம்பி இரண்டு பேர். “சார், ஃபாரம் தொறக்க மாட்டேங்குதுங்க சார்.” எல்லாம் என் வேலைக்குப் போட்டிக்கு வருகிறவர்கள். “முயற்சி பண்ணிகினு இருக்கங்க, எதுக்கும் நாளைக்குப் பாருங்க” என்று ஒவ்வொருவருக்கும் மரியாதையாகப் பதில் சொன்னேன். நாற்பத்து மூன்று பேருக்குச் சொன்னேன். அவர்களில் ஒருத்தனாவது என்னைவிடக் கெட்டிக்காரனாக இருந்து, இந்தப் படிவத்தை எப்படியாவது திறந்துவிட மாட்டானா என்றுகூட ஆசைப்பட்டேன்.

சிங்காரவேல் சாரிடம் போனேன்.

“சார், பதினேழாவது தளத்த மட்டும் இணைக்கணும். ரெண்டு நிமிஷ வேலைங்க.”

“பண்ணு. யாரு வேணாங்கறா? பர்மிட் நம்பர் ரெண்டு எடுத்துக்க.”

“ஒண்ணு இன்னும் மூடலீங்களே சார்.”

“அப்ப மூடு.”

“ராஜேந்திரன் சார் அமெரிக்காவுல இருக்காருங்க.”

அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். “பாத்தியா கொளஞ்சி, நம்ம சிஸ்டம் எவ்ளோ ஸ்ட்ராங்கா இருக்குன்னு? நீயும் நானும் சேந்து நெனச்சாக்கூட ஒடைக்க முடியல” என்றார். அவர் முகத்தில் அப்படி ஒரு நிறைவு. தன் வீட்டுக் கதவு தனக்கே திறக்கவில்லை என்று சந்தோஷப்பட்ட மனுஷரை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

ராஜேந்திரன் சாருக்கு வாட்ஸப்பில் போன் போட்டேன். பின்னால் குழந்தை அழுகிற சத்தம். “சாப்பிட்டியா தம்பி?” என்றார். விஷயத்தைச் சொன்னேன். ரொம்ப வருத்தப்பட்டார்.

“நீங்க ஒரு வார்த்த செயலாளர்கிட்ட சொன்னாப் போதுங்க சார், அட்டைய எடுத்துடலாம்.”

“அது முடியாதே தம்பி. மாட்டுனவன் கைதான் எடுக்கணும். நானே எழுதுன ரூல் அது. வேணும்னா ஒண்ணு பண்ணலாம், நான் வந்ததும் மொத வேலையா எடுத்துடறேன். முப்பதாம் தேதி சென்னை வந்துருவேன். முப்பத்தொண்ணு காலையில ஆபீஸ்ல இருப்பேன். கவலப்படாத.”

எனக்கு உயிர் வந்தது. ஆனால் ஒரே ஒரு நாளை நம்பி உட்கார்ந்திருக்க முடியுமா? காகிதத்தில் விண்ணப்பம் வாங்கிக்கொள்ளும்படி மனு எழுதிக்கொடுத்தேன். ‘இணையம் வழியாக மட்டுமே என்று அறிவித்துவிட்டு காகிதம் வாங்கினால், இணையத்தை நம்பியவர்களுக்கு அநீதி’ என்று பதில் வந்தது. தேதியைத் தள்ளிவைக்கக் கேட்டேன். தேதி மாற்றும் அறிவிப்பைத் தளத்தில்தான் போட வேண்டும், அதற்கும் படிவம் திறந்திருக்க வேண்டும் என்று குழு முடிவெடுத்தது. இலவசமாகக் கிடைக்கிற வேறொரு படிவ ப்ளக்இன்னைப் போட்டுவிடலாமா என்று கேட்டேன்.

“அதுக்குப் பேரு பைபாஸ்” என்றார் சிங்காரவேல் சார் மெதுவாக. “எழுவத்தொம்போதுல கன்வேயர்ல ஒருத்தன் பாதுகாப்பு சுவிட்சச் சுத்தி பைபாஸ் போட்டான். அவன் பேரச் சொல்ல விரும்பல.”

“என்னா ஆச்சுங்க சார் அவருக்கு?”

“ஒண்ணும் ஆவல. வேல சீக்கிரம் முடிஞ்சுடுச்சு. அதான் ஆபத்து. மத்தவனும் அப்டியே பண்ண ஆரம்பிச்சுடுவான்ல.”

விஜயலட்சுமி மேடம் ஒருவர்தான் எனக்காகப் பரிந்து பேசினார். பள்ளியில் தலைமையாசிரியையாக இருந்தவர். கூட்டம் முடிந்ததும் தனியாகக் கூப்பிட்டு, “உனக்கு நடக்கறது அநியாயம்ப்பா. நான் மினிட்ஸ்ல எதிர்ப்பு எழுதப் போறேன்” என்றார். எழுதவும் எழுதினார். ‘உறுப்பினர் விஜயலட்சுமி இம்முடிவு குறித்துத் தம் மன வருத்தத்தைத் தெரிவித்து, முடிவை ஆதரித்தார்.’

வீட்டில் எழில்மதி விடவில்லை. “என்னாங்க, ஊரே பாஸ்வேர்டு மறந்துட்டா ஒரு பட்டனத் தட்டி மாத்திக்குது. நீங்க படிச்சவரு, ஒரு மாசமா அந்த அட்டையப் பாத்துகினே ஒக்காந்துகினு இருக்கீங்க.”

“மாத்தற மெயிலு குழுவோட மெயிலுக்குப் போவுதுடி. அந்த மெயிலுக்கும் குறியீடு அந்த பீரோ போனுக்குத்தான் வரும்.”

“அப்ப யாருக்கும் தெரியாம அந்த இலவசத்தப் போட்டு வுட்டுருங்க.”

“போட்டா யாரு போட்டான்னு தெரிஞ்சுடும். எனக்கு மட்டுந்தான அது தெரியும். ஏப்ரல்ல கான்ட்ராக்ட்டும் பூடும்.”

“வேல தெரிஞ்சவரு நீங்க ஒருத்தர்தான். அதுக்குத்தான் இவ்ளோ பயமா ஒங்களுக்கு?” என்றாள். ஒரு பெண்பிள்ளை நறுக்கென்று கேட்கிற கேள்வியை ஒன்பது பேர் கொண்ட குழு ஏன் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை என்று யோசித்தேன்.

மார்ச் 31 வெள்ளிக்கிழமை. காலை எட்டு மணிக்கே போய் வாசலில் நின்றேன். ஒன்பது ஆயிற்று, பத்து ஆயிற்று. சென்னையிலிருந்து வந்த கார் திண்டிவனத்தில் பஞ்சர் என்று தகவல் வந்தது. மதியம் ஒன்றரைக்கு ராஜேந்திரன் சார் வந்து இறங்கினார். வீட்டுக்குக்கூடப் போகவில்லை, பெட்டியோடு நேரே ஆபீஸுக்கே வந்துவிட்டார். கண் இரண்டும் சிவந்திருந்தது. எனக்கு ஒரு சாக்லெட் பாக்கெட் கொடுத்தார். அந்த மனுஷர் காலில் விழலாம் போலிருந்தது.

அவர் அட்டையை நோக்கிக் கையை நீட்டியபோது சிங்காரவேல் சார் தடுத்தார்.

“ஒரு நிமிஷம் ராஜேந்திரன். நீங்க அறுவது நாளைக்கு மேல லீவு. ரெஃப்ரெஷர் ட்ரெயினிங் இல்லாம பர்மிட்டத் தொடக் கூடாதே.”

ராஜேந்திரன் சாரின் முகம் மலர்ந்தது. “கரெக்ட். ரூல் ஒம்போது. நானே மறந்துட்டேன் பாருங்க.”

பயிற்சி செவ்வாய்க்கிழமைகளில்தான் நடக்கும். நான் கெஞ்சினேன். இன்றைக்கே சிறப்புப் பயிற்சி நடத்தலாம் என்று சம்மதித்தார்கள். பயிற்சி யார் கொடுப்பது? லாகின் பற்றித் தெரிந்தவர்தான் கொடுக்க வேண்டும். கொடுத்தேன். ‘பாஸ்வேர்ட் என்றால் என்ன, அதன் நன்மைகள் யாவை’ என்று பலகையில் எழுதி, இரண்டு மணியிலிருந்து மூன்றரை வரை, விதிமுறை எழுதியவருக்கே விதிமுறையைப் பாடம் எடுத்தேன். அவர் முதல் பெஞ்சில் உட்கார்ந்து குறிப்பெடுத்துக்கொண்டார். நடுவே இரண்டு தடவை தூங்கினார், அமெரிக்காவில் அது நடு ராத்திரி. பரீட்சை வைத்தார்கள். பத்துக்கு ஏழு. நான்தான் திருத்தினேன். உள்ளபடி பார்த்தால் நாலுதான் தேறும்.

மூன்று ஐம்பதுக்கு அட்டை இறங்கியது. பதிவேட்டில் கையெழுத்து. பர்மிட் எண் 1 மூடப்பட்டது. எல்லோரும் கைதட்டினார்கள், ராயப்பன் டீ கொண்டுவந்தார். டீ முடிய நாலு ஐந்து. பர்மிட் எண் 2 எழுத நாலு இருபது. ஹெல்மெட், உறுதிமொழி, நாலு முப்பது. அட்டை மறுபடி ஏறியது. மெயின் சுவிட்சில் இரண்டு மாதமாக ஒட்டியிருந்த டேப்பை உரிக்கப் பத்து நிமிஷம். நாலு நாற்பதுக்குக் கம்ப்யூட்டருக்கு உயிர் வந்தது.

ராஜேந்திரன் சார் அடித்தார். நாங்கள் சுவரைப் பார்த்தோம். விஜயலட்சுமி மேடம் வாய்ப்பாடு மாதிரி முணுமுணுத்துக்கொண்டே அடித்தார். சிங்காரவேல் சார் இந்தத் தடவை வேகமாக அடித்தார், வீட்டில் பேரனை வைத்துப் பழகியிருந்தாராம். முதல் தடவையிலேயே ஏற்றுக்கொண்டது. ‘உங்கள் போனுக்கு ஒரு குறியீடு அனுப்பியுள்ளோம். பத்து நிமிடத்துக்குள் உள்ளிடவும்.’ மணி நாலு நாற்பத்தெட்டு. பின்னால் பூட்டிய பீரோவுக்குள் போன் ‘டிங்’ என்றது.

பீரோவுக்கு இரட்டைச் சாவி. ஒன்று செயலாளரிடம், ஒன்று பொருளாளரிடம். பொருளாளர் வங்கிக்குப் போயிருந்தார். ராயப்பன் சைக்கிளில் பறந்தார். நல்ல மனுஷன், அந்த வயதில் அப்படி மிதித்துப் போனதற்கு நான் அவருக்குக் கடமைப்பட்டிருக்கிறேன். நாலு ஐம்பத்தாறுக்குச் சாவியோடு வந்தார். பீரோ திறந்தது. போனை வெளியே எடுப்பதற்குப் பொருள் வெளியேற்றச் சீட்டு எழுத வேண்டும் என்றார் சிங்காரவேல் சார். எழுதினார். அவர் கையெழுத்து அழகாக இருக்கும். மூன்று பிரதி.

போன் என் கைக்கு வந்தபோது மணி நாலு ஐம்பத்தொன்பது. குறியீடு காலாவதியாகி ஒரு நிமிஷம் ஆகியிருந்தது.

“புதுக் குறியீடு கேக்கறங்க சார், ஒரே செகண்டு” என்று பட்டனை அழுத்தினேன். சுரங்கத்தின் ஐந்து மணிச் சங்கு ஊதியது. புதுக் குறியீடு வந்தது. ஆறு எண், என் கண்ணெதிரே. முதல் இரண்டை அடித்துவிட்டேன். ராஜேந்திரன் சார் என் கையை மெல்லப் பிடித்தார்.

“தம்பி, சங்கு ஊதியாச்சு. ஷிஃப்ட் முடிஞ்சப்பறம் வேல பாத்தா நாளைக்கு உனக்கு ஒண்ணுன்னா யாரு பதில் சொல்றது? உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்.”

அவர் கை சில்லென்று இருந்தது. அன்பான கை.

மறுநாள் சனிக்கிழமை, அரை நாள் ஆபீஸ். காலை பத்து மணிக்கு எல்லோரும் கூடினார்கள், பர்மிட்படி வேலையை முடிக்க வேண்டுமே. போனைப் பீரோவிலிருந்து முன்கூட்டியே எடுத்து வைத்திருந்தார்கள். பத்தே நிமிஷத்தில் பதினேழாவது தளமும் இணைந்தது. படிவம் திறந்தது. நான் ஜோடித்த படிவம்தான், பெயர், பிறந்த தேதி, படிப்பு, அனுபவம் எல்லாம் வரிசையாக, அவ்வளவு அழகாக.

சிங்காரவேல் சார் முதலில் தேர்வு விஷயத்தை முடித்தார். “கணினி உதவியாளர் பணிக்கு வந்த விண்ணப்பங்கள், இல்லை. ஆர்வம் காட்ட ஆளில்லாததால் பணியிடம் ரத்து செய்யப்படுகிறது” என்று மினிட்ஸில் எழுதச் சொன்னார். விஜயலட்சுமி மேடம் மன வருத்தம் தெரிவித்தார். பிறகு சார் எழுந்து நின்றார்.

“ரெண்டு மாசம் பதினேழு சைட்லயும் ஒரு திருடன் நொழைஞ்சானா? ஒரு ஹேக்கர் வந்தானா? நம்மளாலயே நொழைய முடியலன்னா, அவன் எப்டி நொழைவான்? இந்த வெற்றிக்குக் காரணம் நம்ம ஒழுங்கு. கொளஞ்சி, கமிட்டி பாக்கட்டும், படிவம் வேல செய்யுதான்னு ஒண்ணு போட்டுக் காட்டு.”

“யார் பேர்ல சார் போட?”

“உன் பேர்லயே போடு. உன் விவரம்தான் உனக்குத் தெரியும்.”

போட்டேன். கொளஞ்சியப்பன். பிறந்த தேதி. பி.சி.ஏ., விருத்தாசலம். அனுபவம் ஆறு வருஷம். ‘இந்தப் பணிக்கு நீங்கள் ஏன் பொருத்தமானவர்?’ என்ற கட்டத்தில் வந்ததும் விரல் நின்றது. அந்தக் கேள்வியை வைத்தவனும் நான்தான். ஒரு மாதமாக மனசுக்குள் எழுதி எழுதிப் பார்த்த பதில் இருந்தது. அதை ஒரு வரி விடாமல் அடித்தேன். பின்னால் குழுவின் ஒன்பது பேரும் பொறுமையாக நின்று பார்த்தார்கள். அனுப்பினேன்.

‘உங்கள் விண்ணப்பம் வெற்றிகரமாகப் பெறப்பட்டது. நன்றி.’

கைதட்டினார்கள். ராஜேந்திரன் சார் முதுகில் தட்டி, “நல்லா எழுதியிருக்க தம்பி. இந்த மாதிரி ஒரு ஆளுதான் நமக்கு வேணும்” என்றார்.

“சரி, டெஸ்ட் முடிஞ்சுது. அத அழிச்சுடு” என்றார் சிங்காரவேல் சார்.

“அழிக்கறதுக்குத் தனியா பர்மிட் எடுக்கணுமாங்க சார்?”

“அதுக்கு எதுக்குப்பா பர்மிட். சும்மா அழி.”

‘நிச்சயமாக நீக்கவா?’ என்று திரை கேட்டது. ஆம் என்று அழுத்தினேன். ராஜேந்திரன் சார் அட்டையைத் தம் கையாலேயே கழற்றி, ஹெல்மெட்டை எடுத்துவிட்டு, பதிவேட்டில் பர்மிட் எண் 2-ஐ மூடி எழுதினார்: ‘வேலை முடிந்தது. ஆட்களுக்குச் சேதம் எதுவும் இல்லை.’ அதன் கீழே சாட்சியாக என்னைக் கையெழுத்துப் போடச் சொன்னார். போட்டேன்.